தொராஜி வேரின் கசப்பை எவ்வளவு எடுக்க வேண்டும், தொட்டியில் எப்படி வளர்க்க வேண்டும்

கொரியாவின் சுவோன் நகரில் படிக்கும் நீங்கள், சந்தையில் தோல் நீக்கிய தொராஜி என்னும் கசப்பு வேரை வாங்கி, சேனைக்கிழங்குக்குச் செய்வதுபோலப் புளித்தண்ணீரில் வேகவைத்துப் பொரியல் செய்ததாகவும், அது தொண்டையைக் காறிச் சாப்பிட முடியாமல் போனதாகவும், மறுமுறை இரவு முழுவதும் ஊறவைத்ததில் சுவையே இல்லாத நார்போல ஆகிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கசப்பை முழுமையாக நீக்குவது எப்படி, மொட்டைமாடி அறையின் வெளியே தொட்டியில் இதை வளர்க்க முடியுமா, நாள்பட்ட இருமலோடு இருக்கும் தேனியிலுள்ள அம்மாவுக்கு அனுப்பலாமா அல்லது அங்கேயே நடலாமா என்பவை உங்கள் கேள்விகள். முதல் கேள்வியை மட்டும் சற்று மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் இரண்டாம் முயற்சியில் கசப்பு முழுமையாகவே போய்விட்டது, அதனால்தான் அது உண்ணத் தகாததாகிவிட்டது. ஆகவே எவ்வளவு கசப்பை எடுத்து எவ்வளவை விட்டுவைப்பது என்பதே இங்கு உண்மையான கேள்வி. நான் தோட்டக்கலை படித்தவன், காங்வொன் மாகாணத்தில் பல ஆண்டுகளாக வேர்ப்பயிர்களோடு வேலை செய்பவன். சமையலும் சாகுபடியும் எனக்குப் பழக்கமானவை. மருத்துவம் என் துறை அன்று, எனவே அந்தப் பகுதியை மட்டும் நான் எழுதுவதோடு நிறுத்தாமல் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொராஜி என்பது பிளாட்டிகோடான் கிராண்டிஃபுளோரஸ் என்னும் பல்லாண்டுச் செடியின் ஆணிவேர். கொரியா, சீனா, ஜப்பான், ரஷ்யாவின் கிழக்கோரம் ஆகிய பகுதிகள் இதன் தாயகம், இந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஒரே இனம்தான். ஊதிய பலூன் போன்ற மொட்டு விரிந்து ஐந்து முனையுள்ள ஊதா அல்லது வெள்ளைப் பூவாகும். வேரை வெட்டினால் பால் வடியும். அந்த வேரில் உள்ள சபோனின்கள், குறிப்பாகப் பிளாட்டிகோடின் டி எனப்படுவதும் அதன் உறவுப் பொருள்களும், கசப்புக்கும் காறலுக்கும் காரணமானவை. சேனைக்கிழங்கின் காறல் வேறு வகையானது: அது ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தொண்டையில் குத்துவதால் வருவது, அதற்குப் புளி உதவும் என்பது நம் சமையலறைகளின் நீண்ட அனுபவம். தொராஜியில் குத்தும் படிகங்களின் சிக்கல் இல்லை. சபோனின் தண்ணீரில் கரைந்து நுரைக்கும் பொருள், அதைப் புளிப்பால் முறிக்க முடியாது, கழுவித்தான் வெளியேற்ற வேண்டும். உங்கள் புளித்தண்ணீர் பயனற்றுப்போனதற்குக் காரணம் இதுவே. கொரியர்களும் இதில் காடி சேர்க்கிறார்கள், ஆனால் அது மிஞ்சிய கசப்புக்கு எதிர்ச்சுவையாகச் சேர்ப்பது.

சபோனின் மேல்தோலிலும் சல்லிவேர்களிலும் கூடுதலாகவும் தடித்த நடுவேரில் குறைவாகவும் இருக்கும். ஆகவே தோல் சீவுவதே முதல் படி. தோலோடு வாங்கினால், தலைப்பகுதியில் கத்தியால் லேசாகக் கீறி, தோலை வேரைச் சுற்றிச் சுற்றி உரித்தால் பெரும்பாலும் சுருளாக வந்துவிடும், சிறிது நேரம் தண்ணீரில் போட்டு வைத்த வேர் இன்னும் எளிதாக உரியும். பிறகு நீளவாக்கில் பிளக்க வேண்டும். கத்தியால் மெல்லியதாக நறுக்குவதைவிட, தலையில் ஒரு கீறல் போட்டுக் கையால் கிழிப்பதே நல்லது என்பது என் கருத்து. கிழிந்த பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் உப்பும் மசாலாவும் நன்றாகப் பிடிக்கும். தடிமன் எல்லாத் துண்டுகளிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு துண்டு சப்பென்றும் மற்றொன்று கசந்தும் நிற்கும்.

அடுத்து வருவதே இந்தச் சமையலின் உயிர். 300 கிராம் கிழித்த வேருக்கு ஒரு மேசைக்கரண்டி கல் உப்பைப் போட்டு, துணி துவைப்பதுபோல அழுத்திப் பிசைய வேண்டும். இரண்டு மூன்று நிமிடங்களில் நீர் விட்டு, வெண்ணுரை எழும்பி, விறைத்திருந்த துண்டுகள் துவளத் தொடங்கும். அந்த நுரைதான் நீங்கள் வெளியேற்ற நினைக்கும் பொருள். குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு, ஒரு துண்டை வாயிலிட்டு மென்று பாருங்கள். முதலில் ஒரு மெல்லிய இனிப்பும், அதன்பின் நாவின் அடியில் கசப்பும் தெரிந்து, தொண்டையில் அரிப்பு இல்லாமல் இருந்தால் அதற்குமேல் ஊறவைக்க வேண்டாம். அரித்தால் அரைமணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை குளிர்ந்த நீரில் வைத்து மீண்டும் சுவையுங்கள். அரிசி களைந்த தண்ணீரில் ஊறவைக்கும் வழக்கமும் கொரிய வீடுகளில் பரவலாக உண்டு. வெறும் தண்ணீரைவிட அது கூடுதலாகக் கசப்பை இழுக்கிறது என்று பாட்டிமார் உறுதியாகச் சொல்வார்கள். கஞ்சிப்பசை கொஞ்சம் பிடித்துக்கொள்ளக்கூடும் என்பது நம்பத் தகுந்த விளக்கமே, ஆயினும் உப்பிட்டுப் பிசைவது தரும் பலனோடு ஒப்பிடும் அளவுக்கு அதில் வேறுபாடு இருப்பதாக என் நாக்குக்குத் தெரிந்ததில்லை. எத்தனை மணி நேரம் என்று கடிகாரத்தைப் பார்ப்பதைவிட இடையிடையே சுவைத்துப் பார்ப்பதை நம்புங்கள். வேரின் வயது, அது வளர்ந்த மண், கிழித்த தடிமன் ஆகியவற்றைப் பொறுத்து நேரம் மாறிக்கொண்டே இருக்கும்.

இதன் பிறகு இரண்டு வழிகள் பிரிகின்றன. வெள்ளை நாமுல் எனப்படும் வதக்கல் செய்வதென்றால், கொதிக்கும் உப்புநீரில் ஒன்று அல்லது இரண்டு நிமிடம் மட்டும் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் அலசிப் பிழியுங்கள். அகலமான சட்டியில் ஒரு மேசைக்கரண்டி பெரில்லா விதை எண்ணெய் அல்லது நல்லெண்ணெயை மிதமான தீயில் சூடாக்கி, நசுக்கிய பூண்டோடு வேரைச் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் வதக்கி, மூன்று நான்கு மேசைக்கரண்டி தண்ணீரோ கடற்பாசி வேகவைத்த சாறோ ஊற்றி மூடிவையுங்கள். அந்த ஆவியில்தான் வேர் உள்ளே மென்மையாகிறது, மூடாமல் வதக்கிக்கொண்டே இருந்தால் ஓரம் காய்ந்து நடுவே விறைப்பாக நிற்கும். நீர் வற்றியதும் உப்போ, நிறம் குறைந்த சூப் சோயாச் சாறு ஒரு தேக்கரண்டியோ சேர்த்து, வெங்காயத்தாளின் வெண்பகுதியும் வறுத்த எள்ளும் தூவி இறக்குங்கள். கரிய சோயாச் சாறு ஊற்றக் கூடாது, ஏனென்றால் இந்த உணவில் வெண்மைக்கு ஒரு வேலை இருக்கிறது. சுசோக் என்னும் அறுவடைத் திருநாள், புத்தாண்டு ஆகிய நாள்களில் முன்னோருக்குப் படைக்கும் மூவண்ண நாமுலில் தொராஜி வெள்ளை, கோசாரி என்னும் பெரணித்தண்டு பழுப்பு, பசலை பச்சை. வேர் முன்னோரையும் தண்டு பெற்றோரையும் இலை நம்மையும் குறிக்கும் என்று விளக்கம் சொல்வார்கள், பிற்காலத்தில் ஏற்றிச் சொன்னதாகவும் அது இருக்கலாம். படையலுக்கென்று செய்யும்போது பூண்டும் மிளகாயும் சேர்க்காமல் விடுவது மரபு. அப்படிப் பூண்டில்லாமல் செய்த நாமுலில்தான் தொராஜியின் சொந்தச் சுவை தெளிவாகத் தெரியும் என்பதால், ஒருமுறையாவது அதைச் செய்து பாருங்கள்.

இரண்டாம் வழி வேகவைக்காத காரக் கலவை. இதற்குப் பிசைந்து அலசிய வேரை நன்றாகப் பிழிந்து, முதலில் கொரிய மிளகாய்த்தூளான கொச்சுகாருவை மட்டும் ஒன்றரை மேசைக்கரண்டி போட்டுப் பிசறி நிறம் ஏற்றுங்கள். பிறகு கொச்சுஜாங் என்னும் நொதித்த மிளகாய் விழுது ஒன்று, காடி ஒன்றரை, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு சிறிது, உப்பிட்டுப் பிழிந்த வெள்ளரிக்காய் ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்க வேண்டும். நம் மிளகாய்த்தூளை அதே அளவு போட்டால் காரம் தாங்காது, நிறமும் அந்த அளவுக்கு வராது. உலர்ந்த கணவாயை ஊறவைத்துக் கிழித்துச் சேர்ப்பவர்களும் உண்டு. இந்தக் கலவையில் இனிப்பும் புளிப்பும் காரமும் சூழ நிற்பதால், நாமுலில் விட்டுவைப்பதைவிடச் சற்றுக் கூடுதலான கசப்பை இங்கே விடலாம், விடவும் வேண்டும். உங்கள் பொரியலையும் நான் மறுக்கவில்லை. பிசைந்து அலசி, ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டெடுத்தபின் கடுகும் உளுந்தும் தாளித்து வதக்கினால் நன்றாகவே இருக்கும், ஆனால் தேங்காய்த் துருவலைக் குறைவாகப் போடுங்கள், அது வேரின் இனிப்பை மூடிவிடுகிறது.

இனிப்பைப் பற்றி இன்னொன்று. இந்த வேர் மாவுச்சத்துக்குப் பதிலாக இனுலின் என்னும் பொருளைச் சேமித்து வைக்கிறது. அதனால்தான் எவ்வளவு வேகவைத்தாலும் கிழங்குபோல மாவாகக் குழைவதில்லை. நம் குடல் இனுலினைச் செரிப்பதில்லை, பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகளே அதை நொதிக்கச் செய்கின்றன, ஆகவே பழக்கமில்லாதவர்கள் முதல் நாளே ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிட்டால் வயிறு உப்பும். வேரை முழுதாக வேகவைத்துத் தேனிலோ தானியப் பாகிலோ மெல்லிய தீயில் காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி காய்ச்சி, கண்ணாடிபோல ஆகும்வரை ஊறவைக்கும் ஜொங்க்வா என்னும் இனிப்பில் கசப்பும் இனிப்பும் மிக அழகாகச் சேர்கின்றன. ஒரு முழு நாள் வேலைதான், விருந்துக்கென்று செய்பவர்கள் பொறுமையோடு செய்கிறார்கள்.

வாங்கும்போது இயன்றவரை தோலோடும் மண்ணோடும் உள்ள வேரை எடுங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டு விற்கும் கிழித்த வேர் நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் மணத்தில் பாதி அந்தத் தண்ணீரிலேயே போயிருக்கும். அளவுக்கு மீறி வெண்மையாகவும் மணமே இல்லாமலும் இருப்பதை நான் வாங்குவதில்லை. கடைகளில் விளைந்த நாட்டின் பெயர் எழுதியிருக்க வேண்டும் என்பது கொரியச் சட்டம், அதைப் பாருங்கள். கொரிய வேர் கிளைத்துச் சல்லி நிறைந்திருக்கும், இறக்குமதி வேர் தடித்து நேராக இருக்கும் என்று வியாபாரிகள் சொல்லும் அடையாளத்தை முழுவதும் நம்ப வேண்டாம், ஏனென்றால் மண்ணின் இறுக்கமும் கல்லும் எந்த நாட்டு வேரையும் கிளைக்க வைக்கும். தொதொக் என்று பக்கத்தில் விற்கும் வேர் வேறு செடியினுடையது. அது சுற்றிப் படரும் கொடி, தோல் முண்டும் முடிச்சுமாக இருக்கும், மணம் தூக்கலாகவும் கசப்பு குறைவாகவும் இருக்கும். அதை உருட்டுக்கட்டையால் தட்டி விரித்துக் கொச்சுஜாங் தடவிச் சுடுவார்கள். அதைத் தொராஜிபோல உப்பிட்டுப் பிசைந்து அலசினால் மணம் வீணாகும்.

மலையேற்றத்தின்போது கண்ணில் படும் வேரைத் தோண்டிச் சமைக்க நினைக்காதீர்கள். இதில் எனக்குச் சிறிதும் ஐயம் இல்லை. கொரியாவில் பரவிவிட்ட அமெரிக்கப் போக்வீட் செடியின் வேரைத் தொராஜி என்றும் தொதொக் என்றும் எண்ணிச் சமைத்து நஞ்சுண்டவர்கள் இருக்கிறார்கள். தண்டும் இலையும் மடிந்த குளிர்காலத்திலும் துளிர்க்கும் முன்னரான இளவேனிலிலும் வேரை மட்டும் பார்த்து அடையாளம் காண முயல்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

இனி அம்மாவின் இருமல். தொராஜி கிழக்காசிய மருத்துவ மரபில் சளியை இளக்கவும் தொண்டைக்கும் மிக நீண்ட காலமாகப் பயன்படுவது உறுதியான செய்தி. பேரிக்காயோடு சேர்த்து வேகவைத்த சாறு கொரியக் கடைகளில் எங்கும் கிடைக்கும். சபோனின் இரைப்பையின் உட்சுவரை லேசாகத் தூண்ட, அதன் எதிர்வினையாக மூச்சுக்குழாயில் நீர்மம் கூடிச் சளி இளகுகிறது என்பது வழக்கமாகத் தரப்படும் விளக்கம். விலங்குகளில் நடந்த ஆய்வுகள் மரபுக்கு ஆதரவாக இருந்தாலும், நாள்பட்ட இருமலை இது தீர்க்கும் என்று சொல்லத்தக்க வலுவான மனித ஆய்வுச் சான்று இல்லை. சாதாரணத் தொண்டைக் கரகரப்புக்கு இதமான பானம் என்ற அளவில் நான் இதைக் குடிக்கிறேன், அதற்குமேல் எதையும் உங்களுக்கு உறுதியளிக்க மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் என்றால் காசநோய்க்கான பரிசோதனை செய்ய வேண்டும் என்பது இந்தியத் தேசியத் திட்டத்தின் நெறி. அரசு மருத்துவமனைகளில் அது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. வேரை அனுப்புவதற்கு முன் அதைச் செய்யச் சொல்லுங்கள். வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் இருமலில் இரத்தம் வருபவர்களுக்கும் இந்த வேரை மரபு மருத்துவமே தவிர்க்கச் சொல்கிறது.

தொட்டியில் வளர்ப்பது நிச்சயம் முடியும், மொட்டைமாடியின் வெயில் உங்களுக்குப் பெரிய வசதி. கண்ணாடி அடைத்த பால்கனியில் தண்டு நெடுநெடுவென்று நலிந்து சாயும். விதையில் தொடங்குங்கள், அதுவும் கடைசி இடத்திலேயே விதையுங்கள், ஏனென்றால் ஆணிவேர் முறிந்த நாற்று பிழைத்தாலும் வேர் பிளவுபட்டுக் கோணலாக வளரும். தொட்டி 40 சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும், அகலம் உங்கள் விருப்பம். மணற்பாங்கான, நீர் தேங்காத மண்ணில் நன்றாக மட்கிய எருவை மட்டும் கலந்துகொள்ளுங்கள், பச்சை எரு வேரைக் கிளைக்கவும் அழுகவும் வைக்கும். விதை மிகச் சிறியது, முளைப்புத்திறனும் ஓராண்டுக்குமேல் விரைவாகக் குறைந்துவிடும். ஆகவே சென்ற இலையுதிர்காலத்தில் எடுத்த விதையா என்று கேட்டு வாங்குங்கள். மார்ச் இறுதி முதல் ஏப்ரல் வரை, விதையைப் போல மூன்று நான்கு மடங்கு மணலோடு கலந்து மேலாகத் தூவி, கையால் அழுத்தி, மண் போட்டு மூடாமல் வைக்கோலை மெல்லியதாகப் பரப்புங்கள். ஆழப் புதைத்தால் முளைக்காது. பூவாளியின் மெல்லிய தூறலில் நீர் விட்டு, முளைக்கும்வரை மேல்மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்தை ஒட்டி முளை தெரியும், குளிர் நீடித்தால் இன்னும் தாமதமாகும். முளைத்ததும் வைக்கோலை எடுத்துவிட்டு, செடி விரல் உயரம் ஆகும்போது எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் இடைவெளிவிட்டுக் களையுங்கள்.

முதல் ஆண்டில் செடி மெதுவாகவே வளரும், அதில் பாதி வேலை களையெடுப்பு. வயலில் இந்தப் பயிரைக் கைவிடுபவர்கள் பெரும்பாலும் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான், தொட்டியில் உங்களுக்கு அந்தத் துன்பம் குறைவு. நீங்கள் அஞ்ச வேண்டியது ஜூன் இறுதியில் தொடங்கும் மழைக்காலத்தை. அந்த வாரங்களில் தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, அடித்துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நீர் தேங்கினால் வேரழுகல் சில நாள்களில் முடித்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் மொட்டு வரும்போது அதைக் கிள்ளிவிடுங்கள், விதைக்குப் போகும் சத்து வேருக்குத் திரும்பும். இரண்டு மூன்று செடிகளை மட்டும் பூக்க விட்டால் கண்ணுக்கும் விருந்து, விதையும் கிடைக்கும். இரண்டாம் ஆண்டுச் செடியின் விதையே நன்றாக முளைக்கும். இலையுதிர்காலத்தில் தண்டு மடிந்துவிடும், வேர் உறைபனியைத் தாங்கி உறங்கும். வசந்தத்தில் மற்ற செடிகளெல்லாம் துளிர்த்தபின்னும் இது மண்ணுக்குள்ளேயே இருக்கும் என்பதால், இறந்துவிட்டதென்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.

இரண்டு முழு ஆண்டு முடிந்த பின், அல்லது மூன்றாம் ஆண்டில், தண்டு மடிந்த அக்டோபர் இறுதியிலோ துளிர்க்கும் முன்னரோ தொட்டியைச் சாய்த்து வேரை எடுங்கள். இழுத்தால் நுனி முறிந்து உள்ளேயே தங்கும். குளிர்பட்ட வேரில் இனுலினில் ஒரு பகுதி உடைந்து இனிப்பு கூடுகிறது. நான்காம் ஆண்டுக்குமேல் அதே மண்ணில் விட்டுவைத்தால் நார் முற்றும், அழுகலும் தொடங்கும். கொரியாவின் ஜின்ஜு நகரில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புது மண்ணுக்கு மாற்றி நட்டு 20 ஆண்டுக்கும் மேல் வளர்க்கும் முறை ஒன்று உண்டு, ஆனால் அது மருந்துச் சந்தைக்கானது. நாமுலுக்கு இரண்டு மூன்று வயது வேரே ஏற்றது. அறுவடை செய்த மண்ணில் உடனே மீண்டும் தொராஜி விதைக்க வேண்டாம்.

தேனியில் நடுவதைப் பற்றி என் மதிப்பீடு இதுதான்: சமவெளியில் இந்தச் செடிக்குக் குளிர்கால உறக்கம் கிடைக்காது, கோடையின் வெப்பமும் பெருமழையின் ஈரமும் வேரை வாட்டும். முளைக்கும், ஒரு பருவம் பூக்கவும் கூடும், ஆனால் உண்ணும் அளவுக்கு வேர் திரளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குளிரும் வடிகாலும் உள்ள மலைச்சரிவில் வாய்ப்பு கூடும். எதுவானாலும் விதையையோ பச்சை வேரையோ பெட்டியில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, நடுவதற்கான தாவரப் பொருளை இந்தியாவுக்குள் கொண்டுவர முன்னதாகப் பெற்ற இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். மண் ஒட்டிய வேருக்கு விதி இன்னும் கடுமையானது.